சந்தைக் கடையா, சொந்தக் கடைவீடா?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு உட்கிராமங்களில் லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவொன் என்ற ஐந்து நாள் சுழற்சியில் சந்தை கூடுவது இன்றும் பல இடங்களில் வழக்கம். அங்கே பிழைப்பு தேடுவோர், சந்தைக்குள் 'கியோஸ்' எனும் சிறு கடை எடுப்பதா, சாலையோரம் 'ரூக்கோ' எனும் கடைவீடு வாங்குவதா என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: கியோஸுக்கு முதலீடு குறைவு, கட்டணம் தொடர்ந்து உண்டு.
ரூக்கோவுக்கு நிலம், கட்டடம், பதிவு, வரி என்று பெருந்தொகை வேண்டும்.

உரிமை: பொதுச் சந்தையின் கியோஸில் கிடைப்பது பயன்படுத்தும் உரிமையே, நிலம் கிராமத்துக்கோ அரசுக்கோ உரியது.
ரூக்கோவில், 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி, இந்தோனேசியக் குடிமக்கள் 'ஹாக் மிலிக்' எனும் முழு உரிமை பெறலாம்.

இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். விற்பவர் 'கிரிக்' என்ற பழைய வரித்தாளை மட்டும் காட்டினால், அது உரிமைச் சான்று ஆகாது என்பதால், நில அலுவலகச் சான்றிதழைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

வாழ்க்கை: கியோஸில் கூட்டம் தானே வரும், ஆனால் குடும்பம் வேறிடத்தில்.
ரூக்கோவில் கீழே கடை, மேலே வீடு. சந்தையில்லா நாளிலும் வியாபாரம் நடக்கலாம்.

காய்கறி, துணி விற்கத் தொடங்குவோருக்குக் கியோஸே பொருந்தும். பிள்ளைகளுக்குச் சொத்து வைக்க நினைப்போருக்கும், சான்றிதழை அடகு வைத்துக் கடன் பெற விரும்புவோருக்கும் ரூக்கோதான் ஏற்றது.