யாழ்ப்பாணம் ரவுண் இப்ப எப்பிடி இருக்கு: நல்லூருக்குப் போற ஆக்களுக்காக

நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குப் போக ரிக்கற் போட்டு வைச்சிருக்கிற ஆக்கள் நிறையப் பேர் "ரவுண் எல்லாம் மாறிப்போச்சாமே, எப்பிடி இருக்கு" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியச் சொல்ல ஏலாது, அதால இந்த முறை மகனையும் மாமியையும் கூட்டிக்கொண்டு ரவுணுக்க திரிஞ்சதை ஒரேயடியா எழுதுறன். கடை, பஸ், படம், சாப்பாடு, ரொயிலற், பின்னேரத்தில போய் இருக்கிற இடம், இவ்வளவும்தான் இதில. மாமி கொக்குவிலில இருக்கிறா, எண்பது நெருங்குது, முழங்கால் நோ. மகனுக்குப் பதினாலு, ரொறன்ரோவில பிறந்தவன்.

முதல்ல வந்த வழி. சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி எயர்போட்டுக்கு நேர வந்தனாங்கள். 2019 ஒக்ரோபரில திறந்து, கொரோனாவோட நிண்டுபோய், 2022 டிசம்பரில சென்னை விமானம் திரும்பத் தொடங்கினது, 2025 இல திருச்சியில இருந்தும் விட்டிருக்கினம். சின்ன எயர்போட்தான், ஆனா கொழும்பில இறங்கி இரவிரவா வானில குலுங்கி வந்த ஆக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி எண்டு தெரியும். பெட்டி எடுத்து வெளியில வந்து அரை மணித்தியாலம் கொஞ்சம் கூட, மாமி வீட்டு வாசல்ல நிக்கிறம்.

ரவுண் எண்டு நான் சொல்லுறது பஸ் ஸ்டாண்டடி, ஆஸ்பத்திரி வீதி, பெரியகடை, கஸ்தூரியார் வீதி, இங்கால நூலகம், பண்ணைக் கரை. இந்த இடத்தின்ர கதை தெரியாமல் இப்ப வந்த கட்டடங்களைப் பற்றிக் கதைக்க ஏலாது. 1981 இல நூலகத்தை எரிச்ச நாளையில சந்தைப் பக்கத்துக் கடையளையும் எரிச்சவை. பிறகு கோட்டைக்குள்ள ஆமி, வெளியில இயக்கம் (புலிகள்), 1990 செப்ரெம்பரில கோட்டை கைமாறும் வரைக்கும் ஷெல்லுக்கும் குண்டுக்கும் பயந்து சனம் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்லை. கடைக்காரர் சாமானைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்கு வெளியில இருக்கிற யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, நல்லூர் பக்கம் போட்டினம், எங்கட வயசு ஆக்களுக்கு உடுப்பு வேண்டப் போறதெண்டாலே திருநெல்வேலிதான். இண்டைக்கும் திருநெல்வேலிச் சந்தையடி இன்னொரு ரவுண் மாதிரிக் கலகலப்பா இருக்குது எண்டா, பக்கத்தில யாழ்ப்பாணக் கம்பஸ் (பல்கலைக்கழகம்) இருக்கிறது ஒரு காரணம், அந்த இடம்பெயர்வும் ஒரு காரணம். அதாலதான் எனக்கு ரவுணில ஒரு புதுக் கட்டடம் எழும்பினா உடன குறை சொல்ல மனம் வராது. இடிஞ்சு கிடந்த சுவருக்குள்ள ஆலமரம் முளைச்சு நிண்டதைக் கண்ணால பார்த்த ஆள் நான்.

ஆஸ்பத்திரி வீதியில கார்கில்ஸ் ஸ்குயர் எண்ட மோல் 2013 இல வந்தது. ஃபூட் சிற்றி, கேஎஃப்சி, மேல சினிமா. மகனுக்கு இதில புதினம் ஒண்டுமில்லை, ஆனா நான் கவனிச்சது அங்க வாற சனத்தை. ஊர்ப்பக்கத்தில இருந்து பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒண்டும் பெரிசா வேண்டாமல், எஸ்கலேற்றரில ஏறி இறங்கி, ஏசிக்குள்ள கொஞ்ச நேரம் நிண்டு, ஒரு ஐஸ்கிறீம் குடிச்சிட்டுப் போற குடும்பங்கள் எவ்வளவு எண்டு நினைக்கிறியள். மாமிக்கு எஸ்கலேற்றர் பயம், ஒரு பெடியன் ஓடி வந்து "அம்மா வாங்கோ, லிஃப்ற் இந்தப் பக்கம்" எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனான், அந்தப் பெடியனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்த மாதிரித் தெரியேல்லை. படம் பார்க்கிறதுக்கு மெஜஸ்ரிக் சினிப்ளெக்ஸில மூண்டு தியேட்டர் இருக்கு, நம்பர் போட்ட சீற், நல்ல சவுண்ட். ரீகல், வின்சர், ராணி, வெலிங்டன் எண்டு மாமி தன்ர காலத்துத் தியேட்டரெல்லாம் ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வந்தா, எது எந்த மூலையில எண்டு கேட்டு மகன் ஃபோனில மப் போட்டுக் குறிச்சு வைச்சான்.

சாமான் வேண்டுறதுக்கு என்னைக் கேட்டா நவீன சந்தைக்குத்தான் போகச் சொல்லுவன். பேர்தான் நவீனம், எங்கட காலத்து ஆக்களுக்கு அது பழைய சந்தை. பனங்கட்டிக் குட்டான், ஒடியல் மா, புழுக்கொடியல், பினாட்டு, மோர் மிளகாய், வடகம், பனையோலைப் பெட்டி, சுளகு எல்லாம் ஒரு வரிசையில. கடைக்காரர் வெளிநாட்டு ஆள் எண்டு ஒரு பார்வையிலயே பிடிச்சுப்போடுவினம், முதல் சொல்லுற விலையை வைச்சு முடிவெடுக்க வேண்டாம், ரெண்டு கடை தள்ளிக் கேட்டுப் பாருங்கோ. ஆனா அவையிட்ட இருக்கிற ஒரு குணம் மோலில கிடைக்காது. மாமி நிக்க ஏலாமல் தூணைப் பிடிச்ச உடன ஒரு கடைக்கார அண்ணை தான் இருந்த கதிரையை எடுத்துக் கொண்டுவந்து போட்டார், அவரிட்ட நாங்கள் ஒண்டும் வேண்டேல்லை. பிளவுஸ் தைக்கக் குடுத்தன், "பின்னேரம் நாலு மணிக்கு வாங்கோ அக்கா" எண்டினம், நாலுக்குப் போக ரெடியா இருந்தது, ரொறன்ரோவில இதுக்கு ரெண்டு கிழமை கேப்பினம்.

ஆனா அதே சந்தையடியில நடக்கிறதுதான் கஷ்டம். நடைபாதை எண்டு கல்லுப் பதிச்சு வைச்சிருக்கினம், அதுக்கு மேல மோட்டசைக்கிள், கடைக்காரரின்ர பெட்டி, விளம்பரப் பலகை, கடைசியில சனம் றோட்டில இறங்கி பஸ்ஸோட பஸ்ஸா நடக்குது. நிழல் மரம் குறைவு. ஒரு வாங்கு இல்லை. முழங்கால் நோ உள்ள ஒரு மனுசி பஸ் ஸ்டாண்டில இருந்து பெரியகடைக்கு நடக்கிறதெண்டா இடையில எங்கயாவது இருந்து எழும்ப வேணும், அதுக்கு ஒரு கடைக்குள்ள போய் ஏதாவது வேண்டினாத்தான் முடியும். உலக வங்கிக் கடனில கண்டி, காலியோட சேர்த்து யாழ்ப்பாணத்தையும் எடுத்து வாய்க்கால், றோட்டெல்லாம் திருத்தின நகர அபிவிருத்தித் திட்டம் ஒண்டு நடந்தது, றோட்டு உண்மையாவே நல்லாத்தான் வந்திருக்கு, ஆனா கார் ஓடுறவைக்கு வந்த நன்மை நடக்கிறவைக்கு வந்து சேரேல்லை எண்டதுதான் என்ர கவலை.

ரொயிலற் விசயத்தை ஒளிக்காமல் எழுதுறன், ஏனெண்டா பொம்பிளையளுக்கு இதுதான் முதல் கேள்வி. மோலுக்குள்ள சுத்தமா இருக்கு. வெளியில ஒரு பொது ரொயிலற்றுக்குப் போனம், காசு வாங்க ஆள் இருக்கு, தண்ணி இல்லை, கதவுக்குக் கொழுவி இல்லை, மாமி வேண்டாம் எண்டு திரும்பி வந்திட்டா, பிறகு அண்டு முழுக்க தண்ணி குடிக்கேல்லை. வெயிலுக்க அந்த வயசில தண்ணி குடிக்காமல் திரியுறது சும்மா விசயமில்லை. சந்தையில காலமை ஆறு மணிக்கு வந்து இருட்டு மட்டும் இருக்கிற மரக்கறிக்கார அம்மாக்கள் நாள் முழுக்க என்ன செய்யினம் எண்டு யோசிக்க எனக்கு வயிறு எரிஞ்சது. இதுக்குக் கட்டடம் மட்டும் காணாது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லு நிலம், வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சனம் கூடுதலாக் குடிக்கிறது நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணி, ரவுண் முழுக்க கழிவு கொண்டுபோற குழாய் இல்லை, மலக்குழியில போறது கல்லு வெடிப்புக்குள்ளால கிணத்துக்குத்தான் போகும். புதுசு புதுசா ஹோட்டல், கடைத்தொகுதி எண்டு எழும்ப எழும்ப அவ்வளவு கழிவும் எங்க போகுது எண்டு கேக்க வேணும். தாளையடியில 2024 இல கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் திறந்தது, நாளைக்கு 24,000 கனமீற்றர் எண்டு கணக்கு, குடிக்கிற தண்ணிக்கு அது பெரிய ஆறுதல். கழிவுத் தண்ணிக்கும் அதே அளவு அக்கறை வர வேணும்.

பஸ் கதை. தூர இடத்துக்குப் போற பஸ்ஸுக்கெண்டு 2021 இல புது நிலையம் திறந்தவை, ஆனா இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பழைய இடத்தை விட்டு வர மாட்டம் எண்டு நிக்க, தனியார் ஒரு பக்கம் அவை ஒரு பக்கம் எண்டு இழுபட்டுக்கொண்டே இருக்குது. வெளியூர் ஆள் பெட்டியோட வந்து எந்த ஸ்டாண்டுக்குப் போறது எண்டு முழிக்கிறதை நானே பார்த்தன். பக்கத்து ஊருகளுக்கு பகல்ல பஸ் தாராளம். பொழுதுபட்டா நிலைமை வேற. படம் விட்டு வெளியில வர காங்கேசன்துறை றோட்டால போற பஸ் ஒண்டும் இல்லை, ஓட்டோதான். ஃபோன் ஆப்பில கூப்பிட்டா ஒரு விலை, றோட்டில நிக்கிற ஓட்டோ அதைவிடக் கூட. டொலர் மாத்திக்கொண்டு போற எங்களுக்கு அது காசில்லை. படம் பார்க்க வந்த ஊர்ப் பெடிபெட்டையளுக்கு ரிக்கற் காசோட ஓட்டோக் காசும் சேர்ந்தா அது ஒரு நாள் கூலி. இரவில சனம் வந்து போற இடம் வேணும் எண்டா ஒன்பது, பத்து மணி மட்டும் பஸ் ஓட வேணும், இதைச் செய்யாமல் எத்தினை மாடி கட்டியும் வேலையில்லை.

சாப்பாட்டில ரெண்டு மாதிரி. மலாயன் கபேயில வாழையிலையில சோறு, கறியள், அப்பளம், முன்னுக்கு இருக்கிற ஆள் ஆரெண்டு தெரியாது, ஆனா சாப்பிட்டு எழும்ப முதல் எந்த ஊர், ஆற்றை பிள்ளை எண்டெல்லாம் கதைச்சு முடிஞ்சிடும். மற்றது புதுசா திறந்த ஒரு ஏசிக் கடை, பேர் சொல்லேல்லை. மெனுவில விலை இல்லை, கேட்டதுக்கு "பில்லில வரும் அக்கா" எண்டான், பில்லில சேவைக் கட்டணமும் சேர்ந்து வந்தது, அந்தக் காசு உனக்கு வருமோ தம்பி எண்டு கேக்க அவன் சிரிச்சிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். காலமை பத்துக்கு வந்தா இரவு பத்துக்குத்தான் போவானாம். வேலை கிடைக்குது எண்டு சொல்லித்தான் இதெல்லாம் கட்டுப்படுது, அந்த வேலை எப்பிடிப்பட்ட வேலை எண்டதையும் நாங்கள் கேக்கத்தான் வேணும்.

நூலகத்துக்குப் பக்கத்தில இந்தியா கட்டிக் குடுத்த கலாசார மையம், பதினொரு மாடி, 2015 இல அடிக்கல், 2023 பெப்ரவரியில கையளிச்சவை, இப்ப திருவள்ளுவர் பேரோட நிக்குது. உள்ளுக்க ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போனம், மேடை, லைற், சவுண்ட் எல்லாம் ரொறன்ரோ மண்டபங்களுக்குக் குறைவில்லை, ஆடின பிள்ளையளின்ர முகத்தில அந்தப் பெருமை தெரிஞ்சது. மாநகர சபையால தனிய இதை நடத்த ஏலாது எண்டு தொடக்கத்திலயே கதை வந்தது, கறண்ட் பில்லையும் பராமரிப்பையும் நினைச்சா அது உண்மைதான். அதுக்காகப் பூட்டி வைக்கவும் ஏலாது. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குறைஞ்ச வாடகையில கிழமைக்கு ஒருக்காலாவது குடுக்கலாம் எண்டது என்ர எண்ணம்.

ஆனா நான் ஆகக் கூடச் சந்தோசப்பட்ட இடம் ஆரியகுளம். பாசியும் குப்பையுமாக் கிடந்த குளம், தியாகி அறக்கொடை எண்ட தரும நிதியத்தின்ர காசில மாநகர சபை திருத்தி 2021 டிசம்பரில திறந்தது. சுத்திவர நடைபாதை, இருக்க இடம், லைற். பின்னேரம் அஞ்சரைக்குப் போனம், ஒபிஸ் சேர்ட்டை மாத்தாமலே வந்த ஆக்கள், ரியூசன் முடிஞ்ச பெட்டையள், வேகமா நடக்கிற சலரோகக்காரர், கச்சான் விக்கிற ஐயா, பேரனை வண்டிலில தள்ளிக்கொண்டு வந்த அம்மம்மாக்கள், ஒருத்தரும் ஒருத்தரையும் "என்ன வேணும்" எண்டு கேக்கேல்லை. மாமி ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தா. தன்னோட படிச்ச ஒரு ஆளைக் கண்டு கதைச்சா, எழும்பவே மனமில்லை. "வீட்டில இருந்து என்ன செய்யிறது பிள்ளை, இப்பிடி ஒரு இடம் கிட்ட இருந்தா நான் ஒவ்வொரு நாளும் வருவன்" எண்டா. பண்ணைக் கரையும் அப்பிடித்தான், நூலகத்தடி சுப்பிரமணியம் பூங்காவும் அப்பிடித்தான், காசில்லாமல் போய் இருக்கிற இடத்திலதான் சனம் நிறைஞ்சு கிடக்குது.

இதை எங்கட ஆக்கள் யோசிக்க வேணும். வெளிநாட்டுக் காசு ஊருக்கு வாறது கோபுரமா, மண்டபமா, கலியாண ஹோலா. வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஒரு குளத்தைத் திருத்தினா எவ்வளவு சனத்துக்குப் பயன் எண்டு ஆரியகுளம் காட்டிப்போட்டுது, யாழ்ப்பாணத்தில குளத்துக்கா பஞ்சம். எங்கட பழைய மாணவர் சங்கத்தில வாற கூட்டத்தில நான் கேக்கப்போறது ரெண்டு விசயம். சந்தைப் பக்கம் நல்ல ரொயிலற் ஒண்டு, அதோட பெரியகடைக்குப் போற வழியில நிழலும் வாங்கும். திறப்பு விழாவோட விட்டிட்டு வராமல், அஞ்சு வருசத்துக்குக் கழுவித் துடைக்கிற ஆளின்ர சம்பளத்தையும் முதலே வங்கியில போட்டு வைச்சு, மாநகர சபையோட எழுத்தில வாங்கித்தான் தொடங்க வேணும். ஆர் ஆர் சேர விருப்பமோ சொல்லுங்கோ, பேச்சோட விடாமல் செய்வம்.

திருவிழாவுக்குப் போறவை சில்லறைக் காசு கையில வைச்சிருங்கோ, ஓட்டோக்காரரிட்ட மாத்து இருக்காது. திருவிழா நேரம் அறை விலை ஏறும், முதலே பதிஞ்சு போங்கோ. வயசான ஆக்களோட போறதெண்டா காலமை ஒன்பதுக்கு முதல் சந்தை வேலையை முடிச்சிட்டு பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு ஆரியகுளம் போங்கோ, இடையில வெயிலுக்க திரிய வேண்டாம். பஸ்ஸில வாறதெண்டா கடைசி பஸ் எத்தினை மணிக்கு எண்டு இறங்கேக்கயே கொண்டக்ரரிட்ட கேட்டு வையுங்கோ.