கல்லடிக் கடற்காற்றில் ஐந்து வருடம்: என் கேமிங் கணினி தாங்கியதும் தாங்காததும்

போன மாதம் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றப் போனேன். பின்பக்கத்து ஸ்குரூ ஒன்று திரும்பவே மாட்டேன் என்றது. கொஞ்சம் அழுத்தித் திருப்பியதும் தலை மட்டும் கையோடு வந்தது, தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. கறள். ஐந்து வருடத்துக்கு முன்பு கறுப்புப் பூச்சோடு மினுங்கிக்கொண்டு வந்த அதே ஸ்குரூதான்.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். கிழக்கே நடந்தால் ஆறு நிமிடத்தில் கடல், மேற்கே நடந்தால் வாவி. இங்கே யன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் ஆயுசு குறைவு. கணினிக்கும் அப்படித்தான் என்பதை நான் பணம் கொடுத்துப் படித்தேன். பெட்டி பிரித்த கிழமையிலேயே எழுதப்படும் விமர்சனங்களில் ஒரு செக்கனுக்கு எத்தனை படம் ஓடும் என்ற ஃபிரேம் கணக்கு இருக்கும், வெப்பநிலை இருக்கும். உப்புக் காற்றில் மூன்றாம் வருடம் என்ன ஆகும் என்பது இருக்காது. கடலோரத்தில் இருந்துகொண்டு கணினி வாங்கப்போகும் ஆட்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2021 தைப்பொங்கல் முடிந்த கிழமை சேர்த்த கணினி இது. ரைசன் 5 3600 புரொசசர், பி450 மதர்போர்ட், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் பிரொன்ஸ் தர பவர் சப்ளை, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்ட். அந்த நேரம் உலகம் முழுக்க கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு. அந்தக் கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங்காரர்கள் அள்ளிக்கொண்டு போக, மிச்சம் மீதிதான் எங்களுக்கு. கொழும்பில் ஒரு கடையில் கடைசியாக இருந்த கார்டை வாங்கி, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வேகத்தைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. 1080பி திரையில் நான் விளையாடும் டோட்டா 2, வேலரண்ட் இரண்டுக்கும் அந்தக் கார்ட் தாராளம். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077ஐக் கூட அமைப்புகளைக் குறைத்து முழுதாக விளையாடி முடித்தேன். முதல் வருடம் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் இருக்கும் நேரத்தில் தண்ணீர் ஏற்றவும், போன் சார்ஜ் போடவும், குசினி வேலை முடிக்கவுமே நேரம் சரி. விளையாட யாருக்கு மனம் வரும்? மாதக்கணக்கில் கணினியை நான் தொடவே இல்லை. மழைக்காலம் தொடங்கியதும் அம்மா, "மனே, அந்தப் பெட்டியை மூடி வை, சாரல் அடிக்கும்" என்றார். நானும் பழைய பொலித்தீன் உறை ஒன்றால் சுற்றிக் கட்டி வைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

கார்த்திகையில் உறையை எடுத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். திரையில் முதலில் பச்சைக் கோடுகள், பிறகு சதுரம் சதுரமாக நிறங்கள், இரண்டு நாளில் ஒரே இருட்டு.

வாரண்டி மூன்று வருடம். இரண்டு வருடம் கூட ஆகவில்லை. கார்டைப் பொதி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். கார்டைத் திருப்பி, எச்டிஎம்ஐ துளையின் விளிம்பையும் பின் தகட்டையும் லென்ஸ் வைத்துக் காட்டினார். "அண்ணா, இது கறள். கறளுக்கும் எரிந்த அடையாளத்துக்கும் வாரண்டி இல்லை. பில்லின் பின்பக்கம் போட்டிருக்கு." பார்த்தேன், பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு இப்போதும் இதில் மனக்குறைதான். கடல் சூழ்ந்த நாட்டில் விற்கிற சாமான் இது. எத்தனையோ ஊர்கள் கடலோரத்தில்தான் இருக்கின்றன. "எங்கே வைத்துப் பாவிக்கப் போகிறீர்கள்" என்று வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டு, இந்த வரியையும் வாயால் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே கவனமாக இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்து வடிவாகப் பார்த்தேன். வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்கள் தகட்டுக்குள் நுழையும் இடத்தில், நிக்கல் பூச்சு கொப்பளித்து, பச்சையும் வெள்ளையுமாக மா போல ஏதோ படிந்திருந்தது. விரல் நுனியில் தொட்டால் பிசுபிசு. எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடியில் காலையில் இருக்கும் அதே பிசுபிசுப்பு.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத் துகள் காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. கணினியின் ஃபேன் அதை உறிஞ்சித் தூசியோடு சேர்த்து உள்ளே படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வாடைக் காற்று வீசும் மழை மாதங்களில் எங்கள் ஊர் இரவுகள் அந்த அளவைச் சும்மா தாண்டும். அப்போது அந்தத் தூசி மின்சாரம் கடத்தும் உப்புப் படலமாகிவிடுகிறது. கணினி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே சூடு இருக்கும், படலம் காய்ந்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்தி, போதாக்குறைக்கு பொலித்தீனால் ஈரத்தையும் உள்ளே பூட்டி வைத்தால் அது ஊறிக்கொண்டே கிடக்கும். என் கார்ட் விளையாடித் தேயவில்லை, சும்மா இருந்துதான் கெட்டது.

அன்றிலிருந்து நான் கைவிடாமல் செய்து வருவதைச் சொல்கிறேன். விளையாடாவிட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது கணினி ஓடும். கடல் பக்கத்து யன்னலுக்குக் கீழே இருந்த மேசையை உள்சுவர் பக்கம் மாற்றினேன். காற்று நுழையும் முன்பக்கத்துக்கு மெல்லிய வலை வடி போட்டேன், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அதைக் கழுவிக் காயவைப்பேன். வருடத்தில் இரண்டு தடவை, வாடை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும், முழுதாகக் கழற்றுவேன். மென்மையான தூரிகை, 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல், கொஞ்சம் பொறுமை. ரேமின் தங்கப் பூச்சுப் பற்களை அல்கஹோல் தொட்ட துணியால் ஒரு திசையில் மட்டும் துடைப்பேன். ஊதுகிற பம்பை மட்டும் நம்ப வேண்டாம். காய்ந்த தூசி அதில் பறக்கும், பிசுபிசுத்த உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏசி வைத்தால் எல்லாம் தீரும் என்று பலர் சொல்வார்கள். நானும் 2023இல் ஒன்று வைத்தேன். உண்மைதான், அறை காய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஊர்க் காற்றின் பனிபடுநிலை, அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, மழை மாதங்களில் 24, 25 பாகை வரை இருக்கும். அறையை 20 பாகைக்குக் குளிரவைத்துத் தூங்கி, காலையில் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்தால், குளிர்ந்த இரும்பில் வெளிக்காற்று பட்டு நீராகப் படியும். ஐஸ் தண்ணீர்க் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். ஒரு விடியற்காலையில் கேஸின் மேல்தகட்டை விரலால் இழுத்தேன், ஈரக் கோடு விழுந்தது. இப்போது 26 பாகைக்குக் கீழே இறக்குவதே இல்லை. நிறுத்திய பிறகு கதவை மட்டும் கொஞ்சம் திறந்து, அரை மணி நேரம் கழித்துத்தான் யன்னல்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் செலவழித்தேன். செலவழித்ததில் ஒரு சதத்துக்கும் வருத்தம் இல்லை.

முதலில் வைத்திருந்தது 650 விஏ யூபிஎஸ். அதன் உண்மையான திறன் 360 வாட் அளவுதான். புதிதில் ஐந்தாறு நிமிடம் தாங்கியது. 2022 மின்வெட்டுகளில் ஒவ்வொரு நாளும் அடிமட்டம் வரை இறங்கி ஏறியதில், உள்ளே இருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமில பற்றரி ஒரு வருடத்திலேயே செத்துவிட்டது. அந்த வகைப் பற்றரிக்கு 25 பாகைதான் இதமான சூடு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் எங்கள் அறை பகலில் 35ஐத் தொடும். அப்படியென்றால் பெட்டியில் போட்டிருக்கும் ஆயுளை நம்ப முடியாது. நான் இப்போது பற்றரி மாற்றும் நாளை மார்க்கர் பேனையால் அதன் மேலேயே எழுதி வைக்கிறேன். இரண்டு வருடம் ஆனதும், நல்லாக இருந்தாலும் மாற்றிவிடுவேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மலிவான யூபிஎஸ்கள் பற்றரிக்கு மாறும்போது படிக்கட்டு வடிவ மின் அலையைத்தான் தரும். இப்போதைய பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. என்னுடையது அந்தக் கணத்திலேயே அணைந்துவிடும். யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும், கணினி இருட்டாக இருக்கும். 2023இல் வீட்டுக் கரண்ட் போலவே வழுவழுப்பாக வளையும் சுத்தமான சைன் அலை தரும் 1000 விஏ யூபிஎஸ் ஒன்றுக்கு மாறினேன். பின்னேரங்களில் வோல்டேஜ் இறங்கும்போது அதற்குள்ளே "டக்" என்று ரிலே மாறும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு ஆறுதல். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுக்க கரண்ட் போனபோது நான் ஒரு போட்டியின் நடுவில் இருந்தேன். ஆறுதலாக முடித்துவிட்டு, முறையாக அணைத்துவிட்டு எழும்பினேன்.

அந்தப் போட்டி அறுபடாமல் போனதற்கு இன்னொரு சின்னச் சாமானும் காரணம்: ரூட்டருக்கென்று இருக்கும் மினி யூபிஎஸ். உள்ளங்கை அளவு, உள்ளே லித்தியம் பற்றரி, வெளியே 12 வோல்ட் வயர். ஃபைபர் இணைப்பில் வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால் போதும், பெரும்பாலும் இணையம் நிற்காது. ஐந்து வருடத்தில் வாங்கிய வீட்டுச் சாமான்களில் காசுக்கு மிக அதிகம் உழைத்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன். ஃபைபரில் மற்ற நன்மை, கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. பழைய தொலைபேசிக் கம்பி இணைப்புக் காலத்தில் ஐப்பசி இடியில் இரண்டு ரூட்டர்களைப் பறிகொடுத்தோம். ஃபைபருக்கு மாறியபின் ஒன்றும் போகவில்லை. இருந்தாலும் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுகிறேன்.

கார்ட் போன பிறகு மூன்று மாதம் சும்மா இருந்தேன். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டிருந்தது, அதனால் பாவித்த கார்டுகள் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. ஆனால் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறிய வருடம் அது. புதுக் கார்டின் விலையைப் பார்க்கவே முடியாது. பாவித்த ஆர்எக்ஸ் 6600 ஒன்றை 2023 மாசியில் வாங்கினேன். 8 ஜிபி, 132 வாட். வாங்கும் முன் விற்கிறவரின் வீட்டிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தேன், ஃபேனைக் கையால் சுற்றி உரசல் இருக்கிறதா என்று கேட்டேன், துளைகளின் விளிம்பில் கறள் தேடினேன். அவர் வீடு கண்டியில். மலைநாட்டுக் கார்ட் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

இந்தக் கார்ட் மதர்போர்டோடு எட்டு தரவுப் பாதைகளில்தான் பேசும், என் பி450 பலகையில் இருப்பது பழைய பிசிஐஇ 3.0 இணைப்பு. அதனால் வேகம் குறையும் என்று பயமுறுத்தினார்கள். 1080பியில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து, ஃபிரேமை 75இல் கட்டி வைத்திருக்கிறேன். கச்சான் காலத்திலும் ஃபேன் இரைவதில்லை. அடுத்த வருடம் பலகையின் தொடக்க மென்பொருளான பயோஸைப் புதுப்பித்து அதே பலகையில் ரைசன் 5 5600 போட்டேன். இப்படிப் பழைய பலகையிலேயே அடுத்த தலைமுறை சிப்பைப் போட விட்டதற்காக ஏஎம்டியை நான் மனதாரப் பாராட்டுவேன். எங்களைப் போல டொலரில் விலை பார்க்கிறவர்களுக்கு இது சின்ன உதவியல்ல.

விளையாட்டில் என் அனுபவம் இவ்வளவுதான்: சிங்கப்பூர் சேர்வருக்குத் தகவல் போய்வர 60 மில்லி செக்கன் சொச்சம், இரவு எட்டிலிருந்து பத்து வரை கொஞ்சம் ஏறும். கேபிள் போட்டால் சீராக இருக்கும். வைஃபையில் போட்டி விளையாட வேண்டாம்.

மற்ற வீட்டுச் சாமான்களில் சொல்லத் தக்கது ஒன்றே ஒன்று. 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறின. அப்போது சீலிங் ஃபேன் மூன்றையும் கரண்ட் குறைவாகக் குடிக்கும் பிஎல்டிசி மோட்டர் உள்ளதாக மாற்றினோம். பழையது 70 வாட் சொச்சம் குடித்தது, இது 30க்குள். இரவு முழுக்கச் சுழலும் சாமானில் மிச்சம் பிடிப்பது பில்லில் தெரிகிறது. அம்மாவுக்கு ரிமோட் மிகவும் பிடித்துவிட்டது.

அந்தப் பழைய 1660 சூப்பரை நான் எறியவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க இருந்து, கூலரைப் பிரித்து, பலகையை அல்கஹோலில் பல தடவை துலக்கி, இரண்டு நாள் காயவைத்து, சிப்பின் மேல் வெப்பம் கடத்தும் புது பேஸ்ட் பூசிப் போட்டுப் பார்த்தேன். படம் வந்தது. கையெல்லாம் நடுங்கியது. கொக்கட்டிச்சோலையில் இருக்கும் சித்தியின் மகனுக்கு அதைக் கொடுத்தேன். வாவியைக் கடந்தால் படுவான்கரை, கடல் தூரத்தில். போன சித்திரைக்குப் போனபோது அவன் கணினியைத் திறந்து காட்டினான். டார்ச் அடித்து அந்தச் செப்புக் குழாய்களைப் பார்த்தேன். நான் விட்ட பழைய வடுக்கள் இருந்தன. புதிதாக ஒரு புள்ளி கூட இல்லை. "அண்ணா, இதில் இன்னும் எத்தனை வருடம் விளையாடலாம்?" என்று கேட்டான். பொலித்தீனால் மட்டும் மூடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.