உடைந்த வேப் டேங்க்கோடு திருச்சியில் மூன்று வாரம்

லண்டனில் இருந்து சென்னை, அங்கிருந்து ரயிலில் திருச்சி. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் வேப் கருவி (நிகோடின் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற மின்சிகரெட்) முழுக்கப் பிசுபிசுப்பு. தப்பு என்னுடையதுதான், டேங்க்கில் பாதி லிக்விடை வைத்துக்கொண்டே விமானம் ஏறியிருந்தேன். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருக்கிற அளவுக்குக் குறைந்துவிடும். டேங்க்குக்குள் மிச்சமிருக்கிற காற்று அப்போது விரிந்து, லிக்விடைச் சூடாக்குகிற கம்பிச் சுருள் (காயில்) வழியாக அதை வெளியே தள்ளும். காலி செய்து துடைத்துவிட்டு ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சரி, கழுவிவிடலாம் என்று கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து பிரித்தேன், கண்ணாடிக் குழாய் வழுக்கித் துவைக்கிற கல்லில் விழுந்து மூன்று துண்டாகிவிட்டது.

டேங்க்கில் உடைகிற பொருள் இந்தக் கண்ணாடி ஒன்றுதான். அடிப்பாகம், மேல்மூடி, வாயில் வைக்கிற முனை எல்லாம் உலோகமோ கெட்டியான பிளாஸ்டிக்கோ, லேசில் கெடாது. கண்ணாடிக்கு மேலும் கீழும் கசியாமல் அடைக்கிற சிலிகான் வளையம், ஓ-ரிங், இருக்கும், அது தேய்ந்தால் ஒழுகும். லண்டனில் வேப் கடைக்குப் போனால் டேங்க்கின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுப்பார்கள், ஐந்து நிமிட வேலை. நான் பதினான்கு வருடம் சிகரெட் பிடித்தவன், வேப்புக்கு மாறித்தான் அதை விட்டேன், அங்கே அரசு மருத்துவச் சேவையே சிகரெட்டை விட நினைக்கும் பெரியவர்களுக்கு வேப்பைச் சொல்கிறது. அதனால் இந்தக் கருவியை ஒரு மருந்துப் பொருள் மாதிரியே நினைத்துப் பழகிவிட்டேன். ஊரிலும் எங்காவது கண்ணாடி கிடைக்கும் என்று நம்பிக்கையாகக் கிளம்பினேன்.

முதலில் போனது ஒரு மொபைல் சர்வீஸ் கடை. தம்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். "அண்ணே, இத உள்ள வைங்க, இதெல்லாம் நாங்க தொடுறது இல்ல" என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்து ஒரு ஹார்டுவேர் கடையில் கருவியைக் காட்டாமல் அளவை மட்டும் சொல்லி ஓ-ரிங் கேட்டேன். நிறைய இருந்தன, எல்லாம் தண்ணீர்க் குழாய்க்கும் மோட்டாருக்கும் போடுகிற கறுப்பு ரப்பர். சூடான ஆவி போகிற, வாயில் வைக்கிற ஒரு பொருளில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வேண்டாம் என்பேன். உடைந்த கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டித் தருவதாக ஒருவர் சொன்னார், அவர் உதவி செய்யத்தான் நினைத்தார், ஆனால் அந்தப் பசையும் சூடாகி நெஞ்சுக்குள்தானே போகும்.

அப்புறம் ஒருவர் காதோடு காதாக ஒரு இடம் சொன்னார், அங்கே முழு செட்டே கிடைக்குமாம். அதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை மகன் பிடித்து உட்கார வைத்தான். அவன் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறான். "மச்சான், நீ கேக்குறது என்னன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?" என்று சட்டத்தை எடுத்துக் காட்டினான்.

தமிழ்நாட்டில் வேப்புக்கு 2018இலேயே தடை வந்துவிட்டது. நாடு முழுக்க 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், அந்த டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு செல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் எல்லாமே தடை. நிகோடின் இல்லாத லிக்விட் என்றாலும் விதிவிலக்கு இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு வரி: முழுப் பொருளாக இருந்தாலும் சரி, அதன் எந்தப் பாகமாக இருந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறது. அதாவது நான் தேடி அலைந்த அந்தக் கண்ணாடிக் குழாயும் அதில் வரும். விற்று மாட்டினால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்திருந்தால் அதற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இதை நான் ஊருக்கு வருவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். விற்பனைக்குத்தான் தடை, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னதை நம்பினேன். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் கொண்டுவருவதுதான் இறக்குமதி என்று சட்டம் சொல்கிறது, சொந்த உபயோகத்துக்கு என்று அதில் சலுகை எதுவும் இல்லை. வெளியே கொண்டுபோனால் அது ஏற்றுமதி. என் நிலைமையைவிட என்னை உறுத்தியது அந்த மொபைல் கடைத் தம்பியின் நிலைமைதான். நான் மூன்று வாரம் இருந்துவிட்டு விமானம் ஏறிவிடுவேன், எனக்காக ஒரு கண்ணாடியை எங்கிருந்தோ வரவழைத்து மாட்டிக்கொண்டால் கடை அவருடையது, கேஸ் அவர் பெயரில். வெளியூரிலிருந்து வருகிற நாம் "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று பணத்தை நீட்டிக் கேட்பது ஒரு சின்னக் கடைக்காரருக்கு எவ்வளவு பெரிய இக்கட்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ரகசிய இடத்துக்கும் போகவில்லை. அங்கே கிடைக்கிற லிக்விடில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோடினுக்கு மேல் விற்கக் கூடாது, தடை செய்த பொருளை ஒளித்து விற்கிற இடத்தில் அளவை யார் பார்ப்பது?

இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் தலைவலி, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். பெட்டிக்கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. சிகரெட் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது, அதுதான் எனக்கு உண்மையான ஆபத்து. பக்கத்தில் இருந்த மருந்துக்கடையில் நுழைந்து கேட்டேன். கடைக்கார அம்மா எந்தக் கேள்வியும் இல்லாமல் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் எடுத்துக் கொடுத்தார், அதற்குச் சீட்டு வேண்டாம், 4 மில்லிகிராம் என்றால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார். எப்படிப் போடுவது என்றும் அவரே சொன்னார்: சாதா சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது, மெதுவாக மென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும், அரை மணி நேரம். காபி குடித்த வாயோடு போட்டால் வேலை செய்யாது, கால் மணி நேரம் விட்டுப் போடுங்கள் என்றார். லண்டனிலும் இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

இன்னொரு நல்ல சேவை, சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356. மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் இல்லை. தயங்கித்தான் கூப்பிட்டேன், தமிழில் பேசினார்கள். வேப் என்று சொன்னதும் திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன், அப்படி எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் ஆசை அதிகம், முன்பு விட முயன்றபோது எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டுக்கொண்டே போனார்கள். விடுகிற தேதியை என்னையே சொல்லச் சொன்னார்கள். அடுத்த வாரம் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள், அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கருவியை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி இருந்தது. உள்ளே இருந்தது 18650 பேட்டரி, லேப்டாப்பிலும் டார்ச்சிலும் இருக்கிற அதே வகை. அதைக் கழற்றி, பழைய பேட்டரிகளை மின்கழிவுக்கு எடுத்துக்கொள்கிற லேப்டாப் சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு முனையிலும் டேப் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு உலோகத்தில் பட்டுத் தீப்பிடிக்கலாம். மிச்ச லிக்விடைப் பழைய துணியில் ஊற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகள் கை படாத மாதிரி எறிந்தேன், நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு வருபவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கே 2018 பிப்ரவரியில் இருந்து வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பரில் தண்டனையை இன்னும் கூட்டிவிட்டார்கள். அதனால் பெட்டி கட்டும்போதே வேப்பை வீட்டில் வைத்துவிட்டு, நிகோடின் சூயிங்கம் ஒரு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ந்தால் எந்த மருந்துக்கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். நான் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. மாற்றுக் கண்ணாடி இன்னும் வாங்கவில்லை, சூயிங்கம் நாளைக்கு மூன்றாகக் குறைந்திருக்கிறது.