சினை கலைந்த நாயோடு போனவர்களுக்கு இந்த கிளினிக் எப்படி? என் அனுபவம் (5-க்கு 4)

இந்த கிளினிக்குக்கு வந்திருக்கிற ரிவ்யூ எல்லாமே தடுப்பூசி, குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது பற்றித்தான் இருக்கிறது. குட்டிகளை இழந்த நாயைத் தூக்கிக்கொண்டு போனால் நாயையும் வீட்டு ஆட்களையும் எப்படி நடத்துகிறார்கள் என்று யாரும் எழுதவில்லை. எனக்கு அன்று அது தெரிந்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மல்லி சிப்பிப்பாறை, நான்கு வயது ஆகப்போகிறது, இதுதான் முதல் சினை. சிப்பிப்பாறைக்கு வயிறு எப்போதும் ஒட்டியே இருக்குமே, அதனால் ஒரு மாதம் தாண்டியதுமே லேசாக மேடு தெரிந்தது, இங்கேதான் ஸ்கேன் எடுத்தோம். நான்கு குட்டி, நான்குக்கும் இதயத்துடிப்பு இருந்தது. அம்மா அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டினார். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள், ஏழு வாரம் தாண்டிய நிலையில் ஒரு விடியற்காலை கறுப்பும் பச்சையுமாகக் கசிவு, சாக்கின் மேல் அசைவில்லாமல் இரண்டு குட்டிகள். மல்லி அவற்றை நக்கிக்கொண்டே இருந்தாள், எழுப்பப் பார்த்தாள்.

போன் அடித்தவுடன் எடுத்தார்கள். எடுத்தது டாக்டர் கூட இல்லை, அங்கே வேலை பார்க்கிற ஒரு அக்கா. "வெறுங்கையால தொடாதீங்க தம்பி, கிளவுஸ் இல்லேன்னா பாலித்தீன் கவரைக் கையில மாட்டிக்குங்க. குட்டிங்களப் புதைச்சிடாதீங்க, நஞ்சுக்கொடி விழுந்திருந்தா அதையும் சேர்த்துக் கவர்ல போட்டு ஐஸ் கட்டிக்கு நடுவுல வெச்சு எடுத்துட்டு வாங்க, ஃப்ரீசர்ல மட்டும் வெச்சிடாதீங்க" என்றார். முருங்கை மரத்தடியில் குழி வெட்ட அப்பா மண்வெட்டியை எடுத்திருந்தார், அந்த போன்தான் நிறுத்தியது. உறைந்துபோனால் சில பரிசோதனைகளுக்கு உதவாது, புதைத்துவிட்டால் காரணம் தேட ஒன்றுமே மிஞ்சாது என்று பிறகுதான் புரிந்தது. இதற்காகவே அந்த அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

போனதும் காய்ச்சல் பார்த்து, ஸ்கேன் வைத்து, உள்ளே இன்னும் இரண்டு இருக்கின்றன, துடிப்பு இல்லை என்றார் டாக்டரம்மா. மாலை வரை அங்கேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள், இரண்டும் தானாகவே வெளியே வந்துவிட்டன, ஆபரேஷன் தேவைப்படவில்லை. மறுபடி ஸ்கேன் வைத்துக் கர்ப்பப்பையில் எதுவும் தங்கவில்லை என்று எங்களுக்கும் திரையில் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. எங்கள் பக்கம் புள்ளத்தாச்சிகளுக்குப் பப்பாளியும் எள்ளும் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். முந்தைய வாரம் மல்லி கெஞ்சிக் கேட்டாளென்று அம்மா பழுத்த பப்பாளி இரண்டு துண்டு போட்டிருக்கிறார். அது போதாதென்று பக்கத்து வீட்டு அத்தை வந்து, "நீங்க அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டியிருக்கக் கூடாதுக்கா, கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நாங்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை.

மாலையில் டாக்டரம்மா மல்லி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதலில் கேள்விதான் கேட்டார். சினையாக இருந்தபோது என்ன மாத்திரை கொடுத்தீர்கள், உண்ணிக் காய்ச்சல் வந்ததா, எங்காவது விழுந்தாளா, அடிபட்டதா, ஆண் நாய் யாருடையது, அது சேர்ந்த வேறு பெட்டைகளுக்கு இப்படி ஆனதா. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் அம்மாவைப் பார்த்து, "நீங்க எதையாவது மனசுல வெச்சிருக்கீங்களாம்மா?" என்றார். அம்மா பப்பாளியைச் சொல்லி அழுதுவிட்டார். "பழுத்த பப்பாளி ரெண்டு துண்டுக்கெல்லாம் நாய்க்குச் சினை கலையாதும்மா. கலையறதுக்கு வேற காரணங்கள் இருக்கு, ஒவ்வொண்ணா சொல்றேன், எது உங்க கையில இருந்துச்சுன்னு நீங்களே பாருங்க" என்று ஒரு தாளில் கர்ப்பப்பையின் இரண்டு கொம்புகளையும் வரைந்து, அதில் குட்டிகள் வரிசையாக இருப்பதைக் காட்டி விளக்கினார்.

புரூசெல்லா என்ற கிருமி ஆண் நாயிடமிருந்து வரலாம், அதில் ஏழெட்டு வாரத்தில் கலைவது வழக்கம், மனிதருக்கும் தொற்றும், கையுறை போடச் சொன்னது அதனால்தான். ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று இருக்கிறது. அப்புறம் சினையைத் தாங்கிப் பிடிக்கிற புரோஜெஸ்டிரான் ஹார்மோன் குறைவு. மனுஷிக்குச் சில வாரங்களில் நஞ்சுக்கொடியே அந்த ஹார்மோனைச் சுரக்க ஆரம்பித்துவிடும், நாய்க்குக் கடைசிவரை முட்டை உருவாகிற சினைப்பையை நம்பித்தான் எல்லாம். குட்டிகளிடமே குறை இருந்தாலும் போகும். ஐந்து வாரத்துக்குள் போனால் கர்ப்பப்பையே உறிஞ்சிக்கொள்ளும், சினையாக இருந்ததே வீட்டில் பல பேருக்குத் தெரியாது, அதைத் தாண்டினால்தான் இப்படி வெளியே வந்து கண்ணில் படும் என்றார். இதைச் சொல்ல அரை மணி நேரமாவது ஆகியிருக்கும், வெளியே கூட்டம் நின்றது, அவசரப்படுத்தவே இல்லை. அம்மா அன்று இரவு சாப்பிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் முதல் முறை புரூசெல்லா தொற்று இல்லை என்று வந்தது. ஆரம்பத்தில் ரத்தத்தில் தெரியாமல் போகலாம் என்று சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள், அப்போதும் இல்லை. புரோஜெஸ்டிரான் குறைவாக இருந்தது, ஆனால் கலைந்த பிறகு அது எப்படியும் இறங்கிவிடும், அதனால் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார். ரிப்போர்ட்டில் காரணம் உறுதியாகவில்லை என்றே எழுதினார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி எங்களை அனுப்பியிருக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் யாரையாவது குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்போம்.

வீட்டுக்கு வந்த பிறகு மல்லிக்குப் பால் சுரந்தது, அப்பாவின் பழைய துண்டைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக் காவல் காத்தாள். பார்க்கவே முடியவில்லை. பால் பீய்ச்சிவிடாதீர்கள், பீய்ச்சினால் இன்னும் ஊறும், காம்பு கல்லாகிச் சூடாக இருந்தாலோ, அவள் தண்ணீர் அதிகம் குடித்தாலோ, நாற்றத்தோடு கசிவு வந்தாலோ இரவானாலும் கூப்பிடுங்கள் என்றார்கள். அவர்களே இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், ஓடுகிறாள்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், காத்திருக்க ஒரே ஹால்தான். குட்டிகளை ஐஸில் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் முதல் தடுப்பூசிக்கு வந்த லாப்ரடார் குட்டிகள். இந்த மாதிரி வருகிறவர்களை நேராக உள் அறைக்கு அழைத்துக்கொள்ளலாம், அதற்குப் பணம் செலவில்லை. அதைவிட மோசம், சில வாரம் கழித்து மல்லியின் குட்டிகளுக்கு முதல் தடுப்பூசி போடும் நேரம் வந்துவிட்டது என்று அம்மா போனுக்கு வாட்ஸப் மெசேஜ் வந்தது. ஸ்கேன் எடுத்தபோது பதிந்த தேதியை வைத்துத் தானாகப் போனதாம். அம்மா அன்று மறுபடி உடைந்துபோனார். டாக்டரம்மாவிடம் சொன்னேன், வருத்தப்பட்டார், பதிவை நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள். உங்களுக்கு இப்படி ஆனால் கிளம்பும்போதே கவுன்டரில் கேட்டு அந்தத் தேதியை எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன், மருந்து, இரண்டு முறை ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குப் பக்கம் ஆனது, எதற்கு எவ்வளவு என்று பில்லில் தெளிவாக இருந்தது. அவசரம் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தடுப்பூசிக் கூட்டம் தாங்காது. டாக்டரம்மாவிடம் நிதானமாகப் பேசக் காலை நேரம் வசதி, போன் பண்ணிவிட்டுப் போங்கள்.