இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுண்ட்: பெற்றோர் பார்வையில்

கொழும்பு வெள்ளவத்தையில் டியூஷன் போகிற பிள்ளைகள் பலரின் போனிலும் இன்ஸ்டாகிராம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் பதின்ம வயதினருக்கென்று சில நாடுகளில் தொடங்கிய டீன் அக்கவுண்ட்டில் கணக்கு தானாகவே பிரைவேட், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இதைத் தளர்த்தவும் முடியாது. நல்ல வேலை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்ஸ்டாகிராமில் 2019இலேயே வந்த ரெஸ்ட்ரிக்ட் என்ற வசதி. வம்புக்கு வருகிறவனை அதில் போட்டால் அவன் எழுதுகிற கமெண்ட் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், தன்னை அதில் போட்டதும் அவனுக்குத் தெரியாது, ஆகவே "என்னை ஏன் பிளாக் பண்ணினாய்?" என்று மறுநாள் பாடசாலையில் சண்டை வராது.

ஆனால் நம் பிள்ளைகள் திட்டுவது ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் சிங்களம். 'மூதேவி'யையே எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! கமெண்ட்டில் மறைக்க வேண்டிய சொற்களை இன்ஸ்டாகிராமில் நாமே சேர்க்கலாம், மகளோடு உட்கார்ந்து சேர்த்தேன். இன்னொரு செயலியில் அவளைப் பற்றி வந்த அசிங்கமான தமிழ்ப் பதிவை ரிப்போர்ட் பண்ணியபோது 'விதிமீறல் இல்லை' என்றே பதில் வந்தது, அதை மன்னிக்கவே முடியாது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆட்களை வேலைக்கு வையுங்கள். மிரட்டல் அளவுக்குப் போனால் காத்திருக்காமல் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள்.