தென்னாப்பிரிக்க வேட்டைக்குச் சொந்தத் துப்பாக்கி: பெர்மிட் ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் படியுங்கள்

அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்த ரைபிளோடு வேட்டைக்குப் போக நினைப்பவர்கள், ‘பெர்மிட் முழுக்க எங்கள் பொறுப்பு’ என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் கவனமாக இருங்கள். டெக்சஸிலிருந்து லிம்போப்போ மாகாணத்துக்குக் குடு என்ற மான் வேட்டைக்குப் போன குழு ஒன்று அப்படி ஓர் ஏஜென்சியை நம்பிப் பணம் கட்டியது. ஜோகன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் துப்பாக்கிகளைப் போலீஸ் காவலில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வர வேண்டியதாயிற்று. ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. வேறு பெயர்களிலும் இதே வேலை நடப்பதால், நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் பயன்.

அவர்களுக்கு வந்த பில்லில் சேவைக் கட்டணம் தவிர மூன்று வரிகள் இருந்தன: ‘போலீஸ் பெர்மிட் கட்டணம்’, ‘4457 தயாரிப்பு’, ‘எக்ஸ்பிரஸ் அனுமதி’. மூன்றுக்குமே அடிப்படை கிடையாது.

தென்னாப்பிரிக்கப் போலீஸ் தரும் தற்காலிக இறக்குமதி பெர்மிட்டுக்கான விண்ணப்பப் படிவத்துக்கு எஸ்ஏபிஎஸ் 520 என்று பெயர். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி சொந்தத் துப்பாக்கியோடு வரும் வெளிநாட்டு வேட்டைக்காரர் ஒவ்வொருவருக்கும் இந்த பெர்மிட் தேவை. இதற்குப் போலீஸ் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்துக்கென்று யாராவது ராண்ட் கணக்கில் காசு கேட்டால் அது அவர் பைக்குத்தான் போகிறது.

4457 என்பது அமெரிக்கச் சுங்கத்துறையான சிபிபியின் ஒரு பக்கப் படிவம். துப்பாக்கி உங்களுடையது, நாட்டைவிட்டுப் போகும் முன்பே உங்களிடம் இருந்தது என்பதற்கான சான்று. துப்பாக்கியை நேரில் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, சிபிபி அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்டால்தான் அது செல்லும். அதனால் வேறொருவர் உங்களுக்காக இதைத் ‘தயாரித்து’ அனுப்ப வழியே இல்லை. அந்த ஏஜென்சி செய்தது, காலிப் படிவத்தில் விவரங்களைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பியது மட்டும். முத்திரை இல்லாத அந்தத் தாளைப் போலீஸ் ஏற்கவில்லை.

மூன்றாவது, எக்ஸ்பிரஸ். பெர்மிட் வாங்க இரண்டு வழிகள் உண்டு. பிரிட்டோரியாவில் உள்ள மத்தியத் துப்பாக்கிப் பதிவகத்துக்குப் பயணத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பே விண்ணப்பித்து முன் அனுமதி பெறலாம். இல்லையென்றால் விமான நிலையத்தில் இறங்கியபின் போலீஸ் துப்பாக்கி அலுவலகத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். காசு கொடுத்து வேகப்படுத்த இடையில் வேறு வழி இல்லை. அந்தக் குழுவின் விண்ணப்பம் பதிவகத்துக்கே போய்ச் சேரவில்லை. ‘அனுமதி வந்துகொண்டிருக்கிறது’ என்ற செய்தி மட்டும் கிளம்பும் நாள்வரை வந்துகொண்டே இருந்தது. அங்கே இறங்கியதும், ஏஜென்சியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து ‘அதிகாரிகளைச் சரிக்கட்ட’ ரொக்கம் கேட்டிருக்கிறார். இதைக் கொடுப்பது பணம் போவதோடு நிற்காது. வெளிநாட்டில், துப்பாக்கி விவகாரத்தில், லஞ்சக் குற்றத்தில் நீங்களும் பங்காளி ஆகிவிடுவீர்கள்.

இனி, நீங்களே செய்துகொள்ளும் முறை.

முதலில் 4457. அருகிலுள்ள சிபிபி அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேளுங்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், அதிகாரி கேட்கும்வரை காரிலேயே இருக்கட்டும். தயாரிப்பு நிறுவனம், மாடல், காலிபர் (துப்பாக்கிக் குழாயின் உள்விட்ட அளவு), சீரியல் எண் எல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும். தொலைநோக்கிக் கண்ணாடியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். போகிற அன்று சிபிபி தளத்திலிருந்து புதிய படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். மேல் ஓரத்தில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதி படிவ அச்சுக்கான தேதிதான், உங்கள் சான்றுக்கானது அல்ல. ஆனாலும் அந்தத் தேதி கடந்த தாளைத் தென்னாப்பிரிக்காவில் ஏற்க மறுத்த சம்பவங்கள் உண்டு.

சீரியல் எண்ணில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். துப்பாக்கியில் உள்ள எண், 4457இல் உள்ள எண், 520இல் உள்ள எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பூஜ்யத்தை ‘ஓ’ என்றும், ஒன்றை ‘ஐ’ என்றும் எழுதிவிடுவது சகஜம். கடைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பொருள் எண்ணைச் சீரியல் எண் என்று நினைத்து எழுதியவர்களும் உண்டு. பெட்டியைப் பார்க்காதீர்கள்; உலோகத்தில் பொறித்த எண்ணை டார்ச் அடித்துப் பார்த்து, போட்டோ எடுத்து, அதிலிருந்து எழுதுங்கள். பிளேசர் ஆர்8 போலப் பேரலை (குழாயை) மாற்றிக்கொள்ளும் ரைபிள் என்றால் ஒவ்வொரு பேரலின் எண்ணும் காலிபரும் தனித்தனியாக வர வேண்டும்.

520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்புங்கள். விமான நிலையத்தில் பெர்மிட் எடுப்பதாக இருந்தால் போலீஸ் அதிகாரி முன்னால் மட்டுமே கையெழுத்துப் போட வேண்டும். ‘கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள், மீதியை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்’ என்பவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். நிரப்பாத துப்பாக்கிப் படிவத்தில் உங்கள் கையெழுத்து இன்னொருவர் கையில் இருப்பது ஆபத்து. படிவத்தோடு பாஸ்போர்ட் நகல், முத்திரையிட்ட 4457, திரும்பும் டிக்கெட், அவுட்ஃபிட்டரின் (அங்கே உங்கள் வேட்டையை நடத்தித் தருபவரின்) அழைப்புக் கடிதம், ஏன் இந்தத் துப்பாக்கி வேண்டும் என்று நீங்கள் எழுதும் விளக்கக் கடிதம் ஆகியவை வேண்டும். அழைப்புக் கடிதம் லெட்டர்ஹெட்டில், உங்கள் பெயர், வேட்டை நடக்கும் இடம், தேதிகளோடு இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு காலிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஒரு காலிபருக்கு ஒரு துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 200 தோட்டா என்பது வரம்பு. ஆனால் விமானத்தில் ஓர் ஆளுக்கு 5 கிலோ தோட்டாதான் அனுமதி. .375 போன்ற கனமான தோட்டாக்களில் 200 எண்ணிக்கையை எட்டும் முன்பே எடை வரம்பு வந்துவிடும். தோட்டாவைத் துப்பாக்கிப் பெட்டியில் வைக்காமல், தனியாகப் பூட்டிய சிறு பெட்டியில் செக்-இன் லக்கேஜுக்குள் வையுங்கள். ஒரே பெட்டியில் வைக்க அமெரிக்க விதி அனுமதித்தாலும் தென்னாப்பிரிக்காவில் அது சிக்கல். துப்பாக்கிப் பெட்டியின் சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

போகும் பாதையையும் ஏஜெண்ட் தலையில் கட்டாதீர்கள். அட்லாண்டாவிலிருந்தோ நியூவார்க்கிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க்குக்கு நேர் விமானம் எடுத்தால் நடுவில் மூன்றாம் நாட்டின் சட்டம் குறுக்கிடாது. ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால், நீங்கள் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் டச்சுச் சுங்கத்துறையின் முன் ஒப்புதல் தேவை. மலிவு டிக்கெட் என்று பாதையை மாற்றிவிட்டு இதைச் சொல்லாமல் விடும் பயண ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ஓ.ஆர். டாம்போவிலிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். அந்தக் குழுவின் டிக்கெட்டில் ஏஜென்சி விட்டிருந்த இடைவெளி, எல்லாம் சரியாக இருந்திருந்தால்கூடப் போதியிருக்காது.

இந்தத் துறையில் நேர்மையான சேவையாளர்களும் இருக்கிறார்கள். முதல்முறை போகிறவருக்கு, அதுவும் பல மணி நேரம் பறந்து களைத்து இறங்குகிறவருக்கு, அவர்கள் உதவி மதிப்புள்ளதுதான். உங்கள் விண்ணப்பத்தைப் பதிவகத்துக்கு அனுப்பியதற்கான சான்றைக் கேளுங்கள். கிளம்பும் முன்பே அனுமதியின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் சந்திக்கப்போகிறவரின் பெயரையும் படத்தையும் முன்கூட்டியே வாங்கி, போலீஸ் துப்பாக்கி அலுவலக வாசலில் மட்டும் சந்தியுங்கள். இந்த மூன்றுக்கும் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். உங்கள் அவுட்ஃபிட்டரிடமும் கேளுங்கள். மாகாண உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டருக்கு யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்பது தெரியும்.

எச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்த ஏஜென்சிகள் விசா நிலையைக் கேட்பதே இல்லை. குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் சொந்த உபயோகத்துக்கு மூன்று துப்பாக்கிகள், 1000 தோட்டாக்கள் வரை ஏற்றுமதி லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப்போகும் விதிவிலக்கு உண்டு. அதை அப்படியே உங்களுக்கும் பொருத்திக்கொள்ளாதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதே பெரும்பாலும் மாநில வேட்டை உரிமம் என்ற விதிவிலக்கின் பேரில்தான். துப்பாக்கியோடு அமெரிக்காவுக்குள் வர, அமெரிக்காவில் துப்பாக்கி விதிகளைக் கவனிக்கும் ஏடிஎஃப் அமைப்பின் 6என்ஐஏ படிவம் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். 4457 மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் துப்பாக்கியோடு விசாவும் ஆபத்தில் விழும். இந்த நிலையில் இருப்பவர்கள் அவுட்ஃபிட்டரிடம் வாடகைக்கு எடுப்பதே நல்லது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, உரிமம் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் அவர் துப்பாக்கியை இன்னொருவர் பயன்படுத்த இடம் தருகிறது. ஒட்டுமொத்தச் செலவில் அந்த வாடகை பெரிய தொகையும் அல்ல.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள்: கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ‘சேவை வழங்கப்படவில்லை’ என்று வங்கியில் டிஸ்பியூட் போடுங்கள். பில், ‘அனுமதி வந்துகொண்டிருக்கிறது’ என்ற செய்திகள், போலீஸ் தந்த காவல் ரசீது ஆகியவற்றை இணையுங்கள். ‘போலீஸ் கட்டணம்’ என்ற வரியைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். இல்லாத கட்டணத்துக்கு எழுத்தில் பில் போட்டிருப்பதுதான் உங்கள் கையில் உள்ள வலுவான ஆதாரம். ஜெல் (Zelle) செயலியிலோ வயர் டிரான்ஸ்ஃபரிலோ அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம். இந்த ஏஜென்சிகள் கார்டை ஏற்க மறுப்பதும் அதனால்தான்.