அம்மாவின் காகிதத்தில் இருந்த '1 கிராம்': மருத்துவக் கஞ்சா எண்ணெய் வாங்குபவர்கள் கவனத்திற்கு

கனடாவில், ஸ்காபரோவில் வயதான பெற்றோரோடு இருப்பவர்கள் இதைக் கடைசிவரை வாசியுங்கள். போன கிழமை கோயிலில் சந்தித்த அக்கா ஒருவர், மாமியாரின் முழங்கால் வலிக்கு மருத்துவக் கஞ்சாக் காகிதம் எடுத்திருப்பதாகச் சொன்னார். "ஒரு நாளைக்கு 1 கிராம் எண்டு வைத்தியர் எழுதியிருக்கிறார்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2019 தை மாதம் எங்கள் வீட்டில் நடந்ததும் இதே 1 கிராமில்தான் தொடங்கியது.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. முதுகில் அக்கி வந்து ஆறி எட்டு மாதமாகியும் நரம்பெரிவு போகவில்லை. சட்டை உரசினாலே துடிப்பார். நரம்பு வலிக்குக் கொடுத்த கபபென்ரின் குளிசை தலைச்சுற்றைக் கொடுத்தது. கனடாவில் மருத்துவத் தேவைக்குக் கஞ்சா பெற 2001 முதலே வழி உண்டு. 2018 ஒக்ரோபர் 17 முதல் வயது வந்த எல்லாருக்குமே சட்டம் திறந்துவிட்டது. அதனால் நாங்களும் துணிந்தோம். தமிழில் கதைப்பார்கள் என்று ஒரு கிளினிக்கைப் பிடித்தோம்.

வீடியோவில் வைத்தியர் கதைத்தது ஏழே நிமிடம். கஞ்சாவில் உள்ள பொருட்களில் போதை தராத சி.பி.டி. கூடவும், போதை தரும் ரி.எச்.சி. மிகக் குறைவாகவும் உள்ள எண்ணெய்தான் நல்லது என்றார். அது சரியான பேச்சுத்தான். ஆனால் வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்கவே இல்லை. அம்மா இதயத் துடிப்புக் கோளாறுக்கு, இரத்தம் இளக்கும் வார்ஃபரின் எடுப்பவர். நான் சொல்ல வாயெடுத்தபோது, "அதையெல்லாம் ஆலோசகர் பார்ப்பார்" என்று முடித்துவிட்டார்.

கிளினிக்கின் ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெடியன். 'அன்ரி, அன்ரி' என்று அன்பாகக் கதைத்ததில் அம்மாவுக்கு அவனில் முழு நம்பிக்கை. அந்த மாதங்களில் நாடு முழுக்கக் கஞ்சாத் தட்டுப்பாடு. வைத்தியர் சொன்ன எண்ணெய் இருப்பில் இல்லை, இதுவும் அதுமாதிரித்தான் என்று வேறொன்றை அனுப்பினான். போத்தலில் ரி.எச்.சி. ஒரு மில்லிலீற்றருக்கு 25 மில்லிகிராம், சி.பி.டி. 1க்கும் குறைவு. வைத்தியர் சொன்னதற்கு நேர் எதிர். கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு நாளைக்கு ஒரு கிராம்தானே அன்ரி, ஒரு சிரிஞ்ச் கணக்கு. பின்னேரம் பாதி நாக்குக்குக் கீழை விடுங்கோ. கேக்காட்டி ஒரு மணித்தியாலத்தாலை மிச்சப் பாதி. மூலிகைதானே."

அந்த 1 கிராம் மருந்தின் அளவே இல்லை. காகிதத்தில் வைத்தியர் எழுதுவது, நாளொன்றுக்கு எத்தனை கிராம் உலர்ந்த கஞ்சாவுக்குச் சமமாக நீங்கள் வாங்கலாம் என்ற வரம்பு. குடிக்கும் அளவு மில்லிகிராம் ரி.எச்.சி.யில் கணக்கிடப்பட வேண்டும். முதல்முறை எடுப்பவர் 2.5 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்க வேண்டும். அம்மாவின் போத்தலில் அது 0.1 மில்லிலீற்றர்: சிரிஞ்ச் நுனியிலிருந்து முதலாவது இலக்கம் வரைக்கும். எண்ணெய் அடியில் ஒரு மெல்லிய மஞ்சள் வளையமாகத்தான் தெரியும். இன்று கடையில் விற்கும் கஞ்சா உண்பண்டப் பொதி ஒன்றில் மொத்தமே 10 மில்லிகிராம் ரி.எச்.சி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்ச் நிறைய அம்மா அன்றிரவு எடுத்தது 25.

எட்டு மணிக்குப் பாதி. ஒன்பது மணிவரை ஒன்றும் இல்லை, வலி அப்படியே. மிச்சப் பாதியை நான்தான் விட்டேன். பத்தரைக்கு "பிள்ளை, என்ர கால் எங்கை?" என்று கேட்டார். கையைப் பிடித்தால் நாடி ஓடுகிறது, வாய் காய்ந்து நாக்கு ஒட்டுகிறது. சமையலறையைப் பார்த்து, பதினைந்து வருடத்துக்கு முன் செத்துப்போன தன் தமக்கையைக் கூப்பிட்டார். அம்புலன்சில் போனோம். அவசர சிகிச்சைப் பிரிவில் விடியும்வரை இதயத்தைக் கண்காணித்தார்கள். அடுத்த நாள் பின்னேரம்தான் என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு மறுபடி கொடு என்ற அந்த அறிவுரைதான் மிக ஆபத்தானது. புகையாகவோ ஆவியாகவோ இழுத்தால் சில நிமிடங்களில் தெரியும். எண்ணெய் அப்படியல்ல. நாக்குக்குக் கீழே விட்டாலும் பெரும்பகுதி உமிழ்நீரோடு வயிற்றுக்குத்தான் போகிறது. விழுங்கியது வேலையைத் தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலம், உச்சத்துக்கு நான்கு மணித்தியாலம்வரை எடுக்கும். 12 மணித்தியாலம்வரை நீடிக்கும். மந்தம் 24 மணித்தியாலம்வரை இருக்கலாம். கல்லீரல் ரி.எச்.சி.யை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றிவிடுவதால், விழுங்கியவருக்கு அடி பலமாக விழுகிறது. அதனால் முதல் நாள் ஒரு சிறு அளவு, அவ்வளவுதான். கேட்கவில்லையென்றால் அன்று விட்டுவிடுங்கள்.

வார்ஃபரின் கதை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அதை உடைக்கும் கல்லீரல் நொதியைக் கஞ்சா மந்தமாக்கும், இரத்தக் கசிவு அபாயம் கூடும். தாதி எங்களைக் கோபித்தார், அது நியாயம். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கிளினிக்குக்கு அடித்தபோது, "ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி" என்றார்கள். திறந்த போத்தலுக்குக் காசு திருப்பித் தரமாட்டார்களாம். மருந்து மாற்றி அனுப்பியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் மருந்தின் பாதகத்தை மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவுக்கு அறிவியுங்கள். வைத்தியர்மேல் முறைப்பாடு என்றால், வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோ வைத்தியர் கல்லூரி (CPSO) கேட்கும். போத்தலையும் பெட்டியையும் எறிய வேண்டாம், படமெடுத்து வையுங்கள். இன்னொன்று: காகிதம் இருக்கிறது என்று ஊருக்குப் போகும்போது பையில் வைத்துவிடாதீர்கள். கனடாவுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம்.

அந்த அக்காவிடம் போத்தலின் படத்தை அனுப்பச் சொன்னேன். மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் ரி.எச்.சி. மாமியார் எடுக்கும் குளிசைகள் ஆறு, அதில் ஒன்று இரத்தம் இளக்குவது. திங்கட்கிழமை மருந்தாளரிடம் பட்டியலைக் காட்டும்வரை போத்தல் அலுமாரியில் பூட்டியிருக்கிறது.